அத்தானின் கரண்ட் சைக்கிள்

இல்ஃபோர்டில் வாமதேவனின் வாய்க்கு ஒரு பெயர் இருந்தது. கார் வாங்குவதென்றாலும் சரி, சோபா வாங்குவதென்றாலும் சரி, பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பிடிப்பதென்றாலும் சரி, சொந்தக்காரர் மத்தியில் முதல் எழும் பேச்சு, "வாமனைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்பதுதான். பாரிஸில் ஒரு சேலைக்கடையில் நின்று பழகி, லண்டனுக்கு வந்தபின் பதம் ஏறிய வாய் அது.

விலையைக் கேட்டதும் அவன் முகத்தைச் சுளிக்கமாட்டான். அது கற்றுக்குட்டிகளின் வேலை. பொருளை ஒருமுறை பாசத்தோடு தடவுவான். ஒரு பெருமூச்சு விடுவான். பிறகு திரும்பி, வாசலை நோக்கி, பிரகாரம் சுற்றுகிறவன் மாதிரி அவசரமில்லாமல் நடப்பான். கதவின் பிடியில் கை படுவதற்குள் பின்னாலிருந்து கடைக்காரனின் குரல் வரும். விலை இறங்குவது பேச்சில் அல்ல, நடையில்தான் என்பது வாமதேவனின் சித்தாந்தம்.

அவன் நடக்கும்போது மனைவி தயாளினி ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மிச்சம் பிடித்த காசு வீடு வருவதற்குள் செலவாகிவிடும். அந்த வெளிச்சம் ஒரு கிழமைக்காவது நிற்கும். வாமதேவன் உண்மையில் அதற்காகத்தான் நடந்தான்.

அப்படிப்பட்டவன் 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரோவுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனான். தயாளினியின் அக்கா சுவர்ணாவின் வீடு. அக்காவின் கணவர் புவனேந்திரன் ஓர் அலுவலகத்தில் கணக்காளர். வாமதேவனுக்குச் சகலன், தயாளினிக்கு அத்தான். வீட்டு ஹோலில், பூச்சாடி இருக்கவேண்டிய இடத்தில், பளபளவென்று ஒரு சைக்கிள் நின்றது.

"கரண்ட் சைக்கிள்," என்றார் புவனேந்திரன். "இரவு பிளக்கில குத்தி வச்சால் காணும். லைசென்ஸ் வேண்டாம், ரோட் டாக்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். ஸ்டேசனுக்கு மேட்டில ஏறிப் போகேக்க ஒரு சொட்டு வேர்வை இல்லை."

வாமதேவனின் காதில் இதொன்றும் ஏறவில்லை.

"எப்ப வாங்கினீங்கள் அண்ணை?"

"போன சனி."

"ஆரோட போனீங்கள்?"

"தனியத்தான்."

வாமதேவன் சைக்கிளைத் தடவிப் பார்த்தான். பழக்கதோஷம்.

"எவ்வளவு சொல்லி எவ்வளவுக்கு விட்டவங்கள்?"

"சொன்னதைக் குடுத்தன்," என்றார் புவனேந்திரன், சோற்றுக்கோப்பையை மேசையில் வைத்தபடி. "நான் உதுகளில பேரம் பேசிறேல்லை வாமன். அது என்ரை பிரின்சிப்பிள்."

வாமதேவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் சிரித்திருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை.

"அதுதான் அத்தான்," என்றாள்.

ரயிலில் திரும்பும்போது அவள் இன்னொன்றையும் சேர்த்தாள். "கடைக்காரன்ரை முகம் கோணாமல் ஒரு சாமானை வாங்கிறதும் ஒரு மரியாதைதானே."

வாமதேவன் ஜன்னலுக்கு வெளியே வெம்பிளியைப் பார்த்தான். வயிறு எரிந்தது. சுவர்ணாவின் கணவாய்க் கறியில் உறைப்புக் கூட என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கறியில் உறைப்பே இல்லை.

அன்றிலிருந்து வீட்டில் அத்தான் குடியேறிவிட்டார். கறிவேப்பிலையை எப்படிக் குளிர்பெட்டியில் வைப்பது என்று அத்தான் சொன்னவர். வங்கிகள் விழுந்ததற்கு என்ன காரணம் என்று அத்தான் சொன்னவர். மழைக்குள் கரண்ட் சைக்கிள் ஓடலாம், ஒன்றும் ஆகாது என்றும் அத்தான் சொன்னவர். ஒரே பொறுக்கமுடியாத விஷயம், அந்த மனிதர் சொன்னவை எல்லாம் சரியாக இருந்தன.

இந்த நேரம் பார்த்து வாமதேவனுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. அவன் லேய்ற்றன்ஸ்ரனில் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் காலை ஷிப்டுக்குப் பொறுப்பாளன். முதலாளி திறக்கும் நேரத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டார். முதல் பஸ் வருவதற்கு முன்னமே கடைக்கதவு திறந்திருக்கவேண்டும். காருக்கு அங்கே நிறுத்த இடமில்லை. ஆகவே இரண்டே வழி: ஒரு சின்ன மோட்டார் சைக்கிள், இல்லாவிட்டால் ஒரு கரண்ட் சைக்கிள்.

உள்ளதைச் சொன்னால், அவன் மனம் கரண்ட் சைக்கிளில்தான் இருந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்து, புவனேந்திரனுக்கு முன்னமே ஆசைப்பட்டு வைத்திருந்தான். இல்ஃபோர்டுக்கும் லேய்ற்றன்ஸ்ரனுக்கும் இடையிலான தூரம் அதற்கென்றே அளந்துவைத்தது போலிருந்தது. ஆனால் இப்போது அதை வாங்கினால், ஹரோக்காரரின் சில்லுத் தடத்தில் இல்ஃபோர்ட்டான் உருட்டிக்கொண்டு போகிறான் என்றாகிவிடும்.

"கரண்ட் சைக்கிளே வாங்குங்கோவன்," என்றாள் தயாளினி.

"பெற்றோல் விக்கிறவன் பற்றரியில போனால் சனம் சிரிக்கும்."

"பெற்றோலைவிட நீங்கள் பால்தானே கூட விக்கிறனீங்கள். இஞ்ச பால்வண்டி கரண்டிலதான் ஓடுது. ஒருத்தரும் சிரிக்கேல்லை."

அவளுடைய இந்த வாய்க்காகத்தான் அவளைக் கட்டினான். அவன் கொஞ்சம் இளகினான். சரி என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"அத்தானைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவருக்குக் கடை தெரியும்."

அந்த ஒரு வசனத்தில் எல்லாம் தீர்ந்தது. ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போகிற ஆளுக்கு, கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள்.

"மோட்டார் சைக்கிள்தான்," என்றான் வாமதேவன். "முடிச்சாச்சு."

ஃபொரஸ்ற் கேற்றில் ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே செபமாலைமுத்து பழைய மோட்டார் சைக்கிள்கள் விற்றார். வாமதேவன் தயாளினியையும் கூட்டிக்கொண்டு போனான். அவள் பார்க்கவேண்டும், அதுதானே விஷயம். மூலையில் ஒரு சிவப்பு வண்டி நின்றது. சின்ன எஞ்சின். செபமாலைமுத்து விலையைச் சொன்னார்.

வாமதேவன் வண்டியைத் தடவினான்.

"தடவாத தம்பி, அது பூனையில்லை," என்றார் செபமாலைமுத்து. "உன்ரை கதை எனக்குத் தெரியும். இப்ப பெருமூச்சு விடுவாய்."

வாமதேவன் பெருமூச்சு விட்டான்.

"பேந்து நடப்பாய். நட. நான் கூப்பிடமாட்டன்."

வாமதேவன் நடந்தான். கதவு வந்தது. குரல் வரவில்லை. கதவைத் தாண்டினான். வீதிக்கு வந்தான். எதிரே பஸ் தரிப்பு இருந்தது, போய் இருந்தான். பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. உள்ளே தயாளினி ஒரு பழைய டயரின் மேல் அமர்ந்து, செபமாலைமுத்துவின் மகளின் கல்யாண அல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் செபமாலைமுத்து இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வீதியைக் கடந்து வந்தார்.

"விசரன் நீ," என்றார், கோப்பையை நீட்டியபடி. "குளிருக்குள்ள எவ்வளவு நேரம் இருப்பாய்?"

"ஹெல்மெற்றும் கையுறையும் மழை உடுப்பும் சேத்துத் தாறதெண்டால் எழும்பிறன்."

செபமாலைமுத்து தலையை ஆட்டினார். வாமதேவன் எழும்பி உள்ளே வந்தான். தயாளினியின் முகத்தில் அந்த வெளிச்சம் வந்தது. வாமதேவன் அதைக் கண்ணாரப் பார்த்தான். அவள் ஹெல்மெற்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"வடிவாயிருக்கு," என்றாள். "அத்தானுக்குச் சொல்லவேணும்."

வெளிச்சம் யாருடைய கணக்கில் போய் விழுந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

ஒருநாள் பயிற்சியும் எடுத்தான். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் செம்மஞ்சள் கூம்புகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடவேண்டும். பயிற்றுவித்த பெண், "ரிலாக்ஸ், மை லவ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் நான்கு கூம்பை விழுத்தினான். எட்டுப் போடும்போது ஒன்பதாக வந்தது. என்றாலும் கடைசியில் சான்றிதழ் கிடைத்தது. முன்னும் பின்னும் 'எல்' பலகை கட்டினால் தெருவில் ஓடலாம். பின்னுக்கு யாரையும் ஏற்றக்கூடாது.

புது வண்டி முதலில் கோயில் வாசலுக்குப் போகவேண்டும். அங்கே சில்லுக்குக் கீழே தேசிக்காய் நசியவேண்டும். அதற்குப் பிறகுதான் வேலைக்கும் வெட்டிக்கும். இதில் தயாளினி விட்டுக்கொடுக்கமாட்டாள். கோயில் என்றால் அவளுக்கு வெஸ்ட் ஈலிங் அம்மன்தான். லண்டனின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகவேண்டும்.

"அக்காவும் அத்தானும் வருவினம்," என்றாள் முதல்நாள். "அந்தச் சைக்கிளுக்கும் இன்னும் பூசை செய்யேல்லையாம். ஒண்டாச் செய்வம்."

இவன் வண்டிக்கு நடக்கும் பூசையிலும் அவருக்குப் பாதி.

ஞாயிற்றுக்கிழமை தயாளினி தேங்காய், தேசிக்காய், மாலையோடு ரயில் ஏறினாள். வாமதேவன் நோர்த் சேர்க்குலர் வீதியில் ஏறினான். அந்தப் பயணத்தை அவன் பிற்காலத்தில் எவருக்கும் விவரித்ததில்லை. லொறிகள் அவனை முந்தவில்லை, ஊதித் தள்ளின. ஹங்கர் லேன் வளைவுச் சந்தியில் எந்தப் பாதையில் நிற்பது என்று தெரியாமல், வந்த வழியைத் தவிர மற்ற எல்லா வழிகளையும் பார்த்துக்கொண்டு இரண்டு முறை சுற்றினான். ஒரு வான்காரன் கண்ணாடியை இறக்கி அவனுடைய பிறப்பைப் பற்றி ஏதோ சொன்னான். வாமதேவன் அதற்கும் நன்றி சொன்னான்.

கோயில் வாசலில் புவனேந்திரன் ஏற்கனவே வந்து நின்றார். ஹரோவிலிருந்து சத்தமில்லாமல் உருண்டு வந்திருக்கிறார். சட்டை கசங்கவில்லை. சுவர்ணா காரில் வந்திருந்தாள். அந்த வருஷம் வைகாசியில் ஊரில் போர் முடிந்த பிறகு கோயிலில் எவரும் எதையும் பெரிதாகக் கொண்டாடுவதில்லை. சனம் தலையைக் குனிந்து வந்து, குனிந்து போனது. இரண்டு வண்டியும் பக்கவாட்டில் சின்னதாக நின்றன.

"வந்திட்டியா வாமன்," என்றார் புவனேந்திரன், சிவப்பு வண்டியைச் சுற்றி வந்துகொண்டே. ஒருதரம் அல்ல, மூன்றுதரம் சுற்றினார்.

ஐயர் மத்தியானப் பூசைக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தார். பெண்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். தயாளினி மோட்டார் சைக்கிளின் விளக்கில் ஒரு பொட்டு வைத்தாள். சுவர்ணாவுக்கு அளவு தெரியாது. கரண்ட் சைக்கிளில் எங்கெல்லாம் ஒரு பள்ளம், ஒரு துவாரம், ஒரு பொத்தான் தெரிந்ததோ அங்கெல்லாம் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். சாவித்துவாரத்தில் கொஞ்சம் தாராளமாக.

தீபம் காட்டியாயிற்று. சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தாயிற்று. "எடுங்கோ," என்றார் ஐயர்.

வாமதேவன் எடுத்தான். தேசிக்காய் 'பச்' என்று நசிந்தது. புவனேந்திரன் சாவியைப் போட்டார். சாவி போகவில்லை. ஊதினார். போகவில்லை. சந்தனம் உள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

"மிதிச்சு எடுங்கோ," என்றார் ஐயர் நேரத்தைப் பார்த்து.

பற்றரியின் பாரத்தோடு புவனேந்திரன் எழும்பி நின்று மிதித்தார். தேசிக்காய் நசியாமல் வழுக்கி ஓடி நடைபாதையில் உருண்டது. இப்படி ஒரு காட்சிக்கு வாமதேவன் நேர்த்தியே வைத்திருப்பான். சிரிப்பு தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்துத் தயாளினி தேசிக்காயைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

"அத்தான், நில்லுங்கோ, நான் எடுக்கிறன். விழுந்திடாதேங்கோ."

அவன் ஹங்கர் லேனில் செத்துப் பிழைத்து வந்ததற்கு அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே ஒரு தேசிக்காய்க்கு ஓட்டம். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

பெண்கள் அர்ச்சனைக்கு உள்ளே போனார்கள். ஆண்கள் இருவரும் வெளியே ஒரு குட்டைச் சுவரில் இருந்தார்கள். வாமதேவன் ஒரு பற்குச்சியால் சாவித்துவாரத்தின் சந்தனத்தைத் தோண்டினான். குச்சி ஆடியது.

"கை நடுங்குது வாமன்."

"குளிர்."

"வெயில் எறிக்குது."

வாமதேவன் குச்சியைக் கீழே வைத்தான். "அண்ணை, உதில திரும்பிப் போக எனக்கு ஏலாது போல கிடக்கு," என்றான். வேறு எவரிடமும் சொல்லியிருக்கமாட்டான். ஆனால் கோணலாய் உருண்டுபோன தேசிக்காயின் சொந்தக்காரரிடம் சொல்லலாம் என்று பட்டது.

புவனேந்திரன் சிரிக்கவில்லை. சிவப்பு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்த மோட்டார் சைக்கிள் பயிற்சியை நான் போன வருஷமே எடுத்தனான்," என்றார் மெல்ல. "சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில கூட்டம் எண்டு சுவர்ணாவுக்குச் சொல்லிப்போட்டுப் போனனான். வாங்கத் துணிவு வரேல்லை. அதுக்குப் பதிலாத்தான் இது."

"எண்டாலும் சொன்ன விலையைக் குடுத்து, பிரின்சிப்பிளோட வாங்கினீங்கள்தானே," என்றான் வாமதேவன். பொறாமை அவன் நாக்கைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

"என்ன பிரின்சிப்பிள். நீ செய்யிறதெல்லாம் செய்து பாத்தனான். சைக்கிளைத் தடவினன். பெருமூச்சு விட்டன். திரும்பி நடந்தன். கதவு மட்டும் போனன். ஒருத்தரும் கூப்பிடேல்லை. வெளியில வந்து கொஞ்சநேரம் நிண்டன். பேந்து திரும்ப உள்ளுக்குப் போனன். அந்தப் பொடியன் 'வெல்கம் பாக், சேர்' எண்டவன். கேட்டதை எண்ணிக் குடுத்திட்டு வந்தன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னைக் கேட்டால் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும். ஆனா வீட்டில சுவர்ணா வாயைத் திறந்தால் நெடுக வாமன், வாமன்தான். வாமனெண்டால் மிச்சம் பிடிச்சிருப்பார், வாமனெண்டால் இப்பிடிப் பேசியிருப்பார் எண்டு. ஒரு சாமானாவது என்ரை வாயால வாங்குவம் எண்டு நினைச்சன்."

வாமதேவன் வாயைத் திறந்தபடி இருந்தான். அவனுடைய புகழைப் பாட ஒரு வீடு இருந்திருக்கிறது. வீடுதான் மாறிப் போயிருக்கிறது. ஹரோவில் வாமன், இல்ஃபோர்டில் அத்தான். இதை முன்னமே யாராவது சொல்லியிருந்தால் அடிக்கடி ஹரோவுக்குப் போயிருப்பான்.

"மாத்துவமே அண்ணை?" என்றான்.

பெண்கள் பிரசாதத்தோடு வந்தபோது பேச்சு தொடங்கியிருந்தது. புவனேந்திரன் தொண்டையைச் செருமினார். சுவர்ணா பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"மாத்திறதெண்டால் மாத்துவம்," என்றார். "ஆனா ஹெல்மெற்றும் தரவேணும்."

வாமதேவனின் மூளைக்குள் எல்லாம் தன்பாட்டில் அடுக்கிக்கொண்டு வந்தது. சைக்கிளின் சாவித்துவாரம் அடைபட்டுக் கிடக்கிறது. எதிராளிக்கு ஆசை கண்ணில் தெரிகிறது. ஒரு பெருமூச்சு, வாசல்வரை நாலு எட்டு; பிறகு கேட்டதெல்லாம் வரும், பூட்டும் சங்கிலியும் பின் பையும். தயாளினி ஒதுங்கி நின்று அவனையே பார்த்தாள். கால் தன்பாட்டில் திரும்பப் பார்த்தது.

அப்போது, ஒரு கடைக் கதவுக்கு வெளியே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒருவரும் கூப்பிடாமல் நின்ற மனிதர் அவன் நினைப்புக்கு வந்தார்.

"ஹெல்மெற் தாறன்," என்றான்.

புவனேந்திரனுக்கே நம்பமுடியவில்லை. "கையுறையும்."

"அது... சரி."

"மழை உடுப்பு?"

"அண்ணை, நீங்கள் என்னை உரியிறீங்கள்."

"நான் கேக்கிறதைத்தான் கேப்பன்," என்றார் புவனேந்திரன். குரல் நடுங்கியது. பேரம் பேசும் குரலுக்கு இது முதல் நாள்.

"கொண்டுபோங்கோ."

சுவர்ணா கணவனைப் பார்த்தாள். "பாத்தியே தயா, எங்கடை ஆளை," என்றாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை வாமதேவன் நன்றாக அறிவான். அது தன்னுடைய சரக்கு. இன்னொருவருக்குக் கைமாறிப் போகிறதைப் பார்க்க நெஞ்சு கரித்தது. தயாளினியின் முகத்தில் ஒன்றுமே இல்லை. வாயை இறுக்கிக்கொண்டு பிரசாதப் பொட்டலத்தை மடித்தாள்.

பத்திரம் மாறி, இன்சூரன்ஸ் மாறும்வரை தொடக்கூடாது என்று புவனேந்திரன் சொல்லிவிட்டார், கணக்காளர் கணக்காளர்தான். ஆகவே வாமதேவன் சுவர்ணாவின் காருக்குப் பின்னால் ஊர்ந்து, சிவப்பு வண்டியை ஹரோவில் கராஜுக்குள் விட்டான். பின்னேரம் அவனும் தயாளினியும் கரண்ட் சைக்கிளை மெட்ரோபொலிற்றன் ரயிலில் ஏற்றினார்கள். பூசை மாலை இன்னும் சைக்கிளின் கழுத்தில் கிடந்தது. பெட்டி முழுக்கச் சந்தனம் மணத்தது. இருவருக்கும் நடுவில் அது மாப்பிள்ளை மாதிரி நின்றது.

வெம்பிளி தாண்டும்வரை தயாளினி பேசவில்லை. தோற்றுவிட்ட கணவனோடு வீட்டுக்குப் போகிற முகம் என்று அவன் எடுத்துக்கொண்டான். வாழ்நாளில் முதன்முறை சொன்னதையெல்லாம் கொடுத்துவிட்டு வருகிறான். அதுவும் அத்தானிடம்.

"நீங்கள் நடக்கேல்லை," என்றாள் தயாளினி.

"என்ன?"

"கையுறை கேட்டவர். அந்த இடத்தில நீங்கள் திரும்பி நடந்திருக்கவேணும். நான் வாசலைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"கால் நொந்தது."

"செபமாலைமுத்து அண்ணையிட்ட வாங்கேக்க பஸ் தரிப்பு மட்டும் போன கால்." அவள் மாலையில் வாடிய ஒரு பூவைக் கிள்ளி எடுத்தாள். "உங்கடை கால் எப்ப நோகும் எண்டு எனக்குத் தெரியும். இனி அக்கா அந்த மனுசனை நிம்மதியாச் சாப்பிட விடுவா."

வாமதேவன் நிமிர்ந்து பார்த்தான். வெளிச்சம் இருந்தது. ஃபொரஸ்ற் கேற்றில் வந்ததைவிடக் கொஞ்சம் கூடத்தான். வேறு கணக்குக்கும் போகவில்லை. நேரே அவன்மேல் நின்றது. ஹங்கர் லேனும் லொறிகளும் வான்காரனும் எல்லாம் சரிக்கட்டுப்பட்டுப் போயின. அவன் கரண்ட் சைக்கிளின் இருக்கையில் கையை வைத்துச் சாய்ந்துகொண்டான்.

தயாளினி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"எண்டாலும்," என்றாள், "அந்த ஹெல்மெற் அத்தானுக்கு நல்ல வடிவு."

"அது அவருக்கு இறுக்கம்," என்றான் வாமதேவன்.